ஆறக் கூடாத காயம்

ஊன்றுகோல் முதல் தடவை இறங்கியபோது மேஜைக் கண்ணாடி நொறுங்கியது. இரண்டாவது தடவை இறங்கியபோது எலும்பு டாக்டரின் வலது மணிக்கட்டு நொறுங்கியது.

"மூணு தடவை கீறினியேடா! மூணு தடவையும் அழுகுதே! நீ டாக்டரா, கசாப்புக்காரனா?"

கத்தியவனின் பேர் யாருக்கும் ஞாபகம் இல்லை. பழைய கட்டடங்களை இடித்துத் தள்ளுகிற ஒப்பந்ததாரர் என்பதால் ஊருக்கே அவன் புல்டோசர். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, உலோகத் தகடும் திருகுகளும் வைத்து டாக்டர்தான் அதைச் சேர்த்திருந்தார். அந்தக் காலின் பேன்ட் துணி இப்போது சீழில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தடுக்க வந்த கம்பவுண்டரின் மூக்கில் முழங்கை பாய்ந்தது. ரத்தம் சுவர் காலண்டரில் தெறித்தது. வாசலில் காத்திருந்த நோயாளிகள், கட்டுப்போட்ட கை கால்களோடு ஓட முடிந்த மட்டும் ஓடினார்கள்.

நாலு பேர் சேர்ந்து இழுத்துப்போகும்போதும் அவன் திரும்பிக் கத்தினான். "இது கை. அடுத்தது கழுத்து!"

காலில் சீழ் வடிகிற ஆளை லாக்கப்பில் வைத்துக்கொள்ள போலீசுக்கும் இஷ்டமில்லை. ஜாமீனில் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தான்.

*

டாக்டர் தன் ஆஸ்பத்திரியிலேயே நோயாளியாகப் படுத்திருந்தார். எதிரே இரண்டு நாற்காலிகள்.

ஒன்றில் பூனை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் காயங்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுச் சொந்தமாகத் துப்பறியத் தொடங்கிய பிறகும் நடை மாறவில்லை. பின்னால் வந்து நிற்பதே தெரியாது. அதனால் அந்தப் பேர். இன்னொன்றில் அவருடைய உதவியாளர். சத்தமில்லாமல் அவளால் மூச்சுகூட விட முடியாது. அதனால் பட்டாசு.

"ஊருக்கெல்லாம் தகடு வச்சீங்க, இப்ப உங்க கையிலயே ஒண்ணு. சொந்தச் சமையலை இப்பதான் சாப்பிட்டுப் பார்க்கறீங்க போல டாக்டர்," என்றாள் பட்டாசு.

"சிரிக்க வைக்காதம்மா. சிரிச்சா கை வலிக்குது."

"இந்தக் கைக்குக் கிருமி வராதுன்னு நம்பறீங்களா?" பூனை கேட்டார்.

"அன்னைக்கு என் தியேட்டர்ல அஞ்சாறு பேருக்கு ஆபரேஷன். யாருக்கும் ஒண்ணும் ஆகல. அவனுக்கு முதல்ல வந்தது நம்ம எல்லார் தோல்லயும் இருக்கற சாதாரண கிருமி. அது எந்த ஆஸ்பத்திரியிலயும் நடக்கலாம், இங்கயும் நடந்திருக்கலாம். இல்லன்னு சாதிக்க மாட்டேன். உள்ள கழுவி, ஊசி போட்டு, ஒரு சின்னத் துளை மட்டும் பாக்கிங்கற வரைக்கும் ஆறிடுச்சு. ஊன்றுகோல் வச்சு நடமாடவும் ஆரம்பிச்சான். அப்புறம்தான் வினையே. மறுபடி வந்தது வேற கிருமி. அதையும் கழுவி அனுப்பினேன், மூணாவது தடவையும் அதே கிருமி."

"வேறன்னா?"

"தேங்கின தண்ணியில குடியிருக்கற கிருமி. சீழ் பச்சையா வரும். அழுகின திராட்சை மாதிரி ஒரு இனிப்பு வாசனை. தகட்டு மேல பாசி மாதிரி படிஞ்சு உட்கார்ந்துடும். எந்த மருந்தும் உள்ள நுழையாது."

"தண்ணிக் கிருமிக்குக் காலுக்குள்ள என்ன வேலை?"

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். என் வார்டுல இருக்கற வரைக்கும் காயம் காயுது. அவன் வீட்டுக்குப் போனதும் ஊறுது."

டாக்டர் இடது கையால் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெள்ளையாகத் தகடு. அதன் பக்கத்தில் எலும்பில் கறுப்பாக ஒரு பிளவு.

"கிருமி இருக்கற எலும்பு ஒட்டாது. இப்ப அந்தக் காலைத் தாங்கறது எலும்பு இல்ல, தகடு மட்டும்தான். அதுவும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? வேற ஆஸ்பத்திரியில காலையே எடுக்கணும்னு சொல்லிட்டாங்களாம். கால் போற அன்னைக்கு என் தலையும் போகும்னு காலையில போன் பண்ணினான்."

பட்டாசு எழுந்தாள். "வாங்க சார். டாக்டர் தலைக்குத் தகடு வைக்க முடியாது."

*

புல்டோசரின் வீட்டு முற்றம் முழுக்கச் செத்த வீடுகளின் உறுப்புகள். கழற்றிய கதவுகள், ஜன்னல் கம்பிகள், முறுக்கிய இரும்பு. மாடியில் முன் அறைக் கட்டிலில் அவன் காலை நீட்டிப் படுத்திருந்தான். ஆஸ்பத்திரிமேல் தப்பு இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறோம் என்று பூனை சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது.

"உட்காருங்க சார். காட்டறேன், அந்த அயோக்கியன் பண்ணின வேலையை. ஏய்! கட்டைப் பிரி!"

மனைவி வந்தாள். கையுறை போட்டுக்கொண்டாள். கொதித்து ஆறிய தண்ணீர், வேகவைத்த கத்தரிக்கோல், பிரிக்காத பஞ்சு எல்லாம் தட்டில் வரிசையாக இருந்தன. ஆஸ்பத்திரி நர்ஸ் கெட்டாள். பஞ்சு காயத்தில் பட்ட நொடியில் அவன் கைக்கு எட்டிய செம்பை எடுத்து அவள் முகத்தில் எறிந்தான். புருவம் கிழிந்தது. அவள் "ஆ" என்றுகூடச் சொல்லவில்லை. தோளில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, கையுறையை மாற்றிக்கொண்டு, மறுபடி குனிந்தாள்.

பட்டாசின் வாய் திறந்தது. பூனை அவள் காலை மிதித்தார்.

"கை விளங்குமா இவளுக்கு?" ஜன்னலோர நாற்காலியிலிருந்து ஒரு குரல். புல்டோசரின் அம்மா. கண்ணில் வெண்படலம். தலைக்கு மேலே ஜன்னல் கம்பியில் பாட்டில் பாட்டிலாக மணிபிளான்ட் தொங்கிக்கொண்டிருந்தது. "இந்த மூதேவி காலடி வச்ச நேரம்தான் என் பிள்ளை கால் போச்சு. போ, உள்ள போய்த் தொலை!"

அம்மா திட்ட ஆரம்பித்ததும் மகன் வாயை மூடிக்கொண்டான். திட்டு ஓய்ந்தபோது அவன் கோபமும் ஓய்ந்திருந்தது.

பூனை குனிந்து காயத்தைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு துளை. அதிலிருந்து மெல்லிய பச்சை வழிந்தது. டாக்டர் சொன்ன அதே திராட்சை நாற்றம். பிறகு, பிரித்துப்போட்ட பழைய கட்டை எடுத்துப் பார்த்தார். ஒட்டுப்பட்டியின் ஒவ்வொரு நுனியும் உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. அடுத்த தடவை பிரிக்கும்போது தோல் இழுபடாமல் இருக்க மனைவி செய்யும் ஏற்பாடு. கீழ் மூலையில் ஒரே ஒரு நுனி மட்டும் மடிக்கப்படாமல், கோணலாக, சுருக்கம் சுருக்கமாக ஒட்டியிருந்தது.

மனைவி தட்டோடு உள்ளே போனாள். பட்டாசு பூனையின் காதோரம் வந்தாள்.

"சந்தேகமே இல்ல சார். சம்சாரம்தான். நானா இருந்தா சீழ் இல்ல, சிமென்ட் ஊத்தியிருப்பேன்."

"சமையலறைக்குப் போ. பேச்சுக் குடு. வாயைக் குறைச்சு, காதைக் கூட்டு."

*

சமையலறையில் மனைவி மேல் தட்டிலிருந்த பாத்திரத்துக்குக் கையை உயர்த்தினாள். தோள் பாதியிலேயே நின்றுவிட்டது. பட்டாசு எட்டி எடுத்துக் கொடுத்தாள்.

"தோள் என்னாச்சுக்கா?"

"மாடிப்படியில விழுந்தேன்."

"உங்க வீட்டுக்காரரும் மாடிப்படியில விழுந்துதானே கால் ஒடிஞ்சது? இந்தப் படியைத்தான் முதல்ல இடிக்கணும்."

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போனது. அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"என்னைத் துரத்திட்டு வந்தப்பதான் அவர் விழுந்தார்."

பட்டாசு வாயைக் குறைத்துக்கொண்டாள்.

"படுத்திருந்த வரைக்கும் எறியத்தான் முடிஞ்சுது. எறிஞ்சா விலகிக்கலாம். சில சமயம் குறி தப்பும். நடுவுல ஆறி, எழுந்து நின்னாரே, அன்னைக்கே என் தலையைப் பிடிச்சுத் தண்ணித் தொட்டியில அமுக்கினார். ஊன்றுகோலைத் தள்ளி வச்சுட்டேனாம். மூச்சு போயிடுச்சுன்னுதான் நினைச்சேன். அத்தை வந்து கத்தினாங்க, விட்டார்."

"என்ன கத்தினாங்க?"

"'அவ மூஞ்சி பட்ட தண்ணியை நான் குடிக்கணுமா'ன்னு என்னைத்தான் திட்டினாங்க. தூக்கி வெளிய தள்ளினாங்க."

பட்டாசு அவள் முகத்தையே பார்த்தாள். "அக்கா, கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. அந்தக் காயத்துல நீங்க ஏதாவது..."

"தோணியிருக்கு." மனைவி நேராகப் பார்த்தாள். "ஆனா அவருக்கு ஒண்ணுன்னா ஊர் முதல்ல என் கையைத்தான் பார்க்கும். அதனாலதான் கத்தரிக்கோலைக்கூடச் சோறு மாதிரி வேகவைக்கறேன்."

*

முன் அறையில் பூனை ஒரு முக்காலியை எடுத்து ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டிலில் புல்டோசர் கண்ணை மூடியிருந்தான்.

"யாரு? நடந்தது கேக்கல, மூச்சு மட்டும் கேக்குது," என்றாள் அம்மா.

"நான்தாம்மா, விசாரிக்க வந்தவன். கண்ணுக்கு மருந்து போடறீங்களா?"

"போடறேன். மூணு வேளையும்."

இமையோரம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. மூன்று வேளை என்ன, மூன்று மாதமாக ஒரு சொட்டுகூடக் காணாத கண்.

"புட்டியைக் குடுங்க, தேதி பார்த்துச் சொல்றேன். பழசாப் போன மருந்து இருக்கற பார்வையையும் கெடுத்துடும்."

அவள் கை இடுப்பு மடிப்புக்குப் போய் அங்கேயே நின்றது. குடுக்க மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. மெதுவாக எடுத்துக் கொடுத்தாள்.

சின்னச் சொட்டு மருந்துப் புட்டி. அதில் அச்சடித்திருந்த தேதி எப்போதோ தாண்டிப்போயிருந்தது. மூன்று வேளை மருந்து போடுகிறவளின் பழைய புட்டி, கழுத்துவரை நிரம்பியிருந்தது. பூனை அதை வெளிச்சத்தில் பிடித்தார். இளம் பச்சை. உள்ளே தலைமுடி மாதிரி வெள்ளையாக ஏதோ மிதந்தது. நிமிர்ந்து பார்த்தார். அவள் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கிய பாட்டிலில் மட்டும் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. மணிபிளான்டின் வேர்கள் அதில் வெள்ளை வெள்ளையாகத் தொங்கின.

மூடியைத் திறந்து மோந்தார். அழுகின திராட்சை.

பூனை புட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அம்மாவின் உதடு மட்டும் அசைந்தது. "மெதுவா. அவனுக்கும் காது இருக்கு."

அந்த நேரம் பார்த்து பட்டாசு சமையலறையிலிருந்து வெடித்துக்கொண்டு வந்தாள்.

"சார், நான் பல்பு வாங்கிட்டேன்! அக்கா இல்ல சார். காயத்துல கிருமியைப் போட்டது அவங்க இல்லவே இல்ல!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது.

கட்டிலில் கண்கள் திறந்தன.

"போட்டதா? என் கால்ல போட்டதா?" புல்டோசர் எழுந்து உட்கார்ந்தான். "யாரு போட்டது?"

"நீங்க படுங்க..." என்று பூனை ஆரம்பிப்பதற்குள் ஊன்றுகோல் அவர் விலாவில் பாய்ந்தது. முக்காலியோடு சுவரில் போய் மோதினார். அவன் ஊன்றுகோலை அக்குளில் செருகிக்கொண்டு ஒற்றைக் காலில் தாவி, சமையலறை வாசலில் நின்ற மனைவியின் கூந்தலைக் கொத்தாகப் பிடித்தான்.

"நீதானேடி! தினமும் என் காலைத் தொடறவ நீதானே!"

அவள் நெற்றியை வாசல் நிலையில் மோதினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. பட்டாசு தோசைக்கல்லைத் தூக்கி அவன் முதுகில் இறக்கினாள். அவன் திரும்பாமலே கையை வீச, அவள் தட்டுகளோடு சரிந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வாய்க்குள் இறங்கியது. மனைவி நழுவி விழப்பார்த்தாள். அவன் கூந்தலை விடவில்லை. அவள் முகத்தில் ரத்தத்தைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

"அவளை விடுடா!"

நாற்காலியில் எப்போதும் உட்கார்ந்தே இருந்தவள் எழுந்து நின்றாள்.

"அவ தொடல. நான்தான் தொட்டேன். அவ குளிக்கப் போற நேரமா பார்த்து, நீ குறட்டை விடற நேரமா பார்த்து, நான்தான்டா உன் கட்டைப் பிரிச்சேன். ரெண்டு சொட்டு. தினமும் ரெண்டு சொட்டு."

"அம்மா," என்றான் புல்டோசர். முதல் தடவையாக அவன் குரல் தணிந்திருந்தது. "ஏம்மா?"

"எனக்குக் கண்ணுதான் மங்கல். காது நல்லா கேக்கும். உன் கால் ஒடிஞ்சு நீ படுத்த மாசம் இந்த வீட்டுல அவ அலறல் கேக்கல. நீ எழுந்து நின்ன அன்னைக்கு, தண்ணிக்குள்ள இருந்து அவ அலறினதைக் கேட்டேன். நீ நிக்கக் கூடாதுடா. நீ நின்னா அவ செத்துடுவா."

ஒரு கணம் அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. அடுத்த கணம் மனைவியின் கூந்தலை விட்டான். ஊன்றுகோலையும் விட்டான். பெற்றவளின் கழுத்துக்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன.

கட்டிலைத் தாண்டிப் பாய்ந்தான். விரல்கள் அவள் தொண்டையைச் சுற்றி இறுகின. அவள் பாதங்கள் தரையைவிட்டு எழும்பின. பூனை விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவன் முதுகில் விழுந்தார், அவன் அசையவில்லை. இன்னும் நன்றாகத் தூக்குவதற்காக இடது காலை அழுத்தி ஊன்றினான். அம்மாவின் பாரம், பூனையின் பாரம், அவனுடைய மலை மாதிரி உடம்பின் பாரம் எல்லாம் சேர்ந்து அந்த ஒட்டாத எலும்பின்மேல் இறங்கியது.

டப்.

உலோகம் முறிகிற சத்தம். முழங்காலுக்குக் கீழே இன்னொரு முழங்கால் முளைத்ததுபோல் கால் மடங்கியது. உடைந்த தகட்டின் முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பச்சையும் சிவப்பும் ஒன்றாகத் தரையில் கொட்டின. அவன் விழுந்தான். விழுந்த பிறகுதான் கத்தினான். முற்றத்தில் உட்கார்ந்திருந்த காக்கைகள் மொத்தமாகப் பறந்தன.

*

பட்டாசு கிழிந்த உதட்டில் துணியை அழுத்திக்கொண்டே டாக்டருக்கும், ஆம்புலன்சுக்கும், போலீசுக்கும் போன் பண்ணினாள். முதல் தடவையாக அவள் பேச்சில் ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லை.

"என் வாயாலதான் சார்," என்றாள் போனை வைத்துவிட்டு.

"ஆமா," என்றார் பூனை. சமாதானம் சொல்லவில்லை. தரையில் கிடந்தவனின் தொடையைத் தன் பெல்ட்டால் இறுக்கிக்கொண்டிருந்தார்.

அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் விரல் தடம் சிவப்பாக எழும்பியிருந்தது.

"எப்படித் தெரிஞ்சுது?" என்று பூனையிடம் கேட்டாள். குரல் கரகரத்தது.

"ஒட்டுப்பட்டி. உங்க மருமக நுனியை மடிச்சுத்தான் ஒட்டுவாங்க. யாரோ பிரிச்சு, கண்ணு தெரியாம, தடவித் தடவி ஒட்டியிருந்தாங்க. இந்த வீட்டுல கண்ணு தெரியாதவங்க ஒருத்தர்தான்."

"அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேனே, நான் அவளுக்கு ஆகாதவள்னு தோணலியா?"

"நீங்க திட்டி முடிச்சா உங்க பிள்ளை கை ஓங்கறதில்ல. அதைப் பார்த்தேன்."

மனைவி வாசல் நிலையில் சாய்ந்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நெற்றியில் அழுத்தியிருந்த துணி முழுக்கச் சிவந்திருந்தது. இத்தனை வருஷத் திட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறவள் மாதிரி மாமியாரையே பார்த்தாள்.

"அந்த டாக்டர் கைக்குத்தான் நான் பதில் சொல்லணும்," என்றாள் அம்மா. "இவன் அவர்கிட்ட போய் நிப்பான்னு எனக்குத் தோணவே இல்ல. அவர் என்ன பாவம் பண்ணினார்?"

ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு ஏறி வந்தார்கள். பின்னாலேயே ஒரு பெண் போலீஸ். புல்டோசரைத் தூக்கும்போது அவன், "அம்மா... அம்மா..." என்று குழந்தை மாதிரி அரற்றினான். அம்மா தவழ்ந்து போய்த் தடவித் தடவி அவன் முகத்தைக் கண்டுபிடித்தாள். முந்தானையால் வியர்வையைத் துடைத்தாள். நெற்றியில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"கூட யாராவது ஒருத்தர் வரணும்," என்றார் ஆம்புலன்ஸ்காரர். "யார் வர்றீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை.

"நான் போறேன்," என்றார் பூனை. "டாக்டர்கிட்ட நான்தான் சொல்லணும்."

ஸ்ட்ரெச்சர் படியிறங்கியது. அம்மா இரண்டு கைகளையும் காற்றில் நீட்டினாள். பெண் போலீஸ் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்னைக் கூட்டிட்டுப் போம்மா. எங்க கையெழுத்து வைக்கணும்னு காட்டினா வைக்கறேன்."

பெண் போலீஸ் அந்தக் கைகளைப் பிடித்தாள். படி வரைக்கும் போயிருப்பார்கள். மனைவி பின்னாலிருந்து வந்து மாமியாரின் இன்னொரு பக்கம் தோளைக் கொடுத்தாள்.

"படி பார்த்து அத்தை."

"நீ எதுக்குடி வர்ற? போய்ப் படு, ரத்தம் போகுது."

பெண் போலீசும் நின்றாள். "அவங்க சொல்றது சரிதாம்மா. நீங்க முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஸ்டேஷன்ல உங்களுக்கு என்ன வேலை?"

மனைவி நெற்றித் துணியை எடுத்து, மடித்து, ரத்தம் படாத பக்கத்தை வைத்து மறுபடி அழுத்திக்கொண்டாள்.

"அவர் மேல புகார் குடுக்கணும்," என்றாள்.